இரவு தங்கிப் பிள்ளை பார்க்கிற அக்காவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? (திருகோணமலை)

உவர்மலை அம்மா:

வணக்கம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க ஏலாமல் இருக்கிறேன், அதுவும் வருகிற வியாழனுக்குள் எடுத்தாக வேணும்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பகலில் சின்னவளைப் பார்க்கப் பாலையூற்றிலிருந்து ஒரு அக்கா வருகிறார், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழரைக்கு வந்து பின்னேரம் இரண்டரைக்குப் போவார். மாதம் 18,000 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும். ஒன்பது மாதமாக வருகிறார். பிள்ளைக்கு அவரென்றால் உயிர். அக்கா செருப்புப் போடுவதைக் கண்டாலே அழத் தொடங்கிவிடுவாள், அதனால் அவர் செருப்பைப் பின்பக்கம் கிணற்றடியில்தான் கழற்றி வைப்பார், போகும்போது குசினி வழியால் சத்தமில்லாமல் போய்விடுவார்.

என் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கொழும்பில் சத்திரசிகிச்சை. தம்பி வெளிநாட்டில், நான்தான் நிற்க வேணும். வீட்டுக்காரருக்கு அந்தக் கிழமை முழுக்க இரவு வேலை, மாற்றித் தரச் சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் விடிய ஆறரைக்குத்தான் வீடு வருவார். மாமி எங்களோடுதான் இருக்கிறா, ஆனால் 74 வயது, முழங்கால் வருத்தம், பிள்ளையைத் தூக்க மாட்டா. ஆகவே வியாழன் பின்னேரம் ஆறிலிருந்து சனி காலை ஆறரை வரை, இரண்டு இரவும் அக்காவை நிற்கக் கேட்டேன். உடனே ஓம் என்றார்.

எவ்வளவு தரவேணும் அக்கா என்று கேட்டதற்கு, "நீங்கள் பார்த்துத் தாங்கோ டீச்சர்" என்றார். மூன்று தரம் கேட்டுவிட்டேன், மூன்று தரமும் அதே பதில். இப்போது வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. மாமி சொல்கிறா, இரவில் அவளும் நித்திரைதானே கொள்ளப் போகிறாள், ஆயிரம் ரூபாயும் ஒரு சீலையும் காணும் என்று. நான் மனதில் நினைத்தது இரவுக்கு 2,000. வீட்டுக்காரர் 5,000 கொடு என்கிறார், ஆனால் இரண்டு இரவுக்கு 10,000 என்றால் அப்பாவின் செலவோடு எங்களால் தாங்க ஏலாது. சின்னவள் இரவில் இரண்டு தரம் எழும்புவாள், ஒரு மணியளவில் ஒன்று, நாலு மணியளவில் ஒன்று. பால் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோளில் கிடந்தால்தான் திரும்பப் படுப்பாள்.

யாராவது இப்படி ஆள் வைத்திருந்தால், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.


சாம்பல்தீவு மகள்:

தங்கச்சி, நான் இதை மற்றப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அம்மா பதினொரு வருடம் இந்த வேலைதான் செய்தவ. பிறந்த பிள்ளைகள், வயது போன ஆட்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பது, எல்லாம். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அந்தக் காசில்தான் படித்தோம்.

பார்த்துத் தாங்கோ என்று அம்மாவும்தான் சொல்லுவா. அது காசு பெரிதில்லை என்ற அர்த்தமில்லை. தெரிந்த வீட்டில் வாய் திறந்து இவ்வளவு என்று கேட்டால் காசுக்கு அலைகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அடுத்த மாதமும் அந்த வீட்டுக்குத்தானே போகவேணும். கொடுக்கிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தங்களுக்கு வசதியானதைக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மா விடிய வீட்டுக்கு வருவது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு துணிப்பையில் தன்னுடைய தலையணை உறை, ஒரு பெட்சீற், சித்தாலேப தைல டப்பா ஒன்று. மற்றவர்கள் வீட்டுத் தலையணையில் அவவுக்கு நித்திரை வராது, வந்தாலும் காது பிள்ளையின் பக்கம்தான். காசை அந்த வீட்டில் எண்ண மாட்டா, வழியிலும் எண்ண மாட்டா. வீட்டுக்கு வந்து முகம் கழுவிச் சாமி தட்டடியில் நின்றுதான் விரிப்பா. ஒருநாள் மூன்று இரவு தொடர்ந்து நின்றுவிட்டு வந்தா, விரித்தால் 2,000 ரூபாயும் ஒரு பெட்டி தொதலும். ஒன்றும் சொல்லவில்லை, தொதலை எங்களுக்கு வெட்டித் தந்தா. பகல் முழுக்கப் படுத்து எழும்ப ஏலாமல் கிடந்தா, அடுத்த நாள் பகல் வேலைக்கும் போகவில்லை, அந்தக் காசும் போச்சு.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் வாயால் வரவேணும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் நிற்கிற இரண்டு இரவும் அவருடைய வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டீர்களா?


கணக்கு வேலை செய்பவன்:

நான் ஒரு கடைத்தொகுதியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150. கம்பனிகளில் நேரம் கடந்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 225. இரவு வேலைக்கு இதை அளவுகோலாக வைத்தால் யாருக்கும் அநியாயமில்லை என்பது என் எண்ணம்.

இரவை ஒரே கட்டியாகப் பார்க்காதீர்கள். ஆறிலிருந்து பத்து வரை பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடம்பு கழுவி விடுவது, மூத்தவனின் பாடம், படுக்கப் போடுவது. இது முழு வேலை, நாலு மணித்தியாலம். விடிய ஐந்தரையிலிருந்து ஆறரை வரை இன்னொன்று. ஐந்து மணித்தியாலத்துக்கு 225 படி 1,125. பத்திலிருந்து ஐந்தரை வரை படுத்திருக்கிற நேரத்துக்கு ஒரு முழுத்தொகை வையுங்கள், நான் 1,500 என்று வைப்பேன். படுத்தாலும் அவர் தன் வீட்டில் இல்லை, விரும்பினபடி எழும்பிப் போக ஏலாது, அதற்குத்தான் அந்தக் காசு. பிள்ளை எழும்புகிற இரண்டு தரத்துக்கும் தலா ஒரு மணித்தியாலம் என்று பிடித்தால் 450. எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 3,075.

வெள்ளிக்கிழமையை மறக்க வேண்டாம். ஏழரையிலிருந்து இரண்டரை வரை மாதச் சம்பளத்துக்குள் வரும், ஆனால் அதற்கு முன் ஒரு மணித்தியாலமும் பின் மூன்றரையும் வராது. நாலரை மணித்தியாலம், 1,012 ரூபாய் 50 சதம். இரண்டு இரவோடும் கூட்டினால் 7,162.50. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7,500 என்று முழுசாக்கி, ஓட்டோக் காசை வேறாகக் கொடுப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேணும், கோபிக்க வேண்டாம். நாளுக்கு ஏழு மணித்தியாலம், மாதம் 22 நாள் என்றால் 154 மணித்தியாலம். 18,000-ஐ அதால் பிரித்தால் மணிக்கு 116 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. 150 படி பார்த்தால் 23,100 வரும். அப்பாவின் விஷயம் முடிந்த பிறகு அதையும் ஒருக்கால் யோசியுங்கள்.


கிண்ணியா நானா:

தங்கச்சி, எல்லாரும் சொல்வது நியாயம்தான், ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மணிக்கு இவ்வளவு, எழும்பினால் இவ்வளவு என்று கதைக்கத் தொடங்கினால் மனிதர்களுக்கு இடையில் இருக்கிறது போய்விடும். என் மனைவி மூன்றாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் நின்றபோது பக்கத்து வீட்டு ராத்தா நாலு இரவு எங்கள் வீட்டில் படுத்தார். காசென்ற பேச்சே இல்லை. அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நான் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் நின்றேன். பாலம் வருவதற்கு முன் ராத்திரியில் ஒரு அவசரமென்றால் படகுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர் எங்களுடையது, ஆளுக்கு ஆள் உதவாமல் இருந்திருந்தால் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

இப்படி 7,500 என்று ஒரு கணக்கு ஊரில் நின்றுவிட்டால், நாளைக்கு ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு இதே கஷ்டம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நான் சொல்வது, நல்லதொரு தொகை கொடுங்கள், மனமாரக் கொடுங்கள், ஆனால் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள்.


சாம்பல்தீவு மகள்:

நானா, உங்கள் ராத்தாவின் விஷயம் வேறு. நீங்கள் மூன்று நாள் நின்று திருப்பிக் கொடுத்தீர்கள். டீச்சர் இந்த அக்காவின் வீட்டில் போய் இரண்டு இரவு பிள்ளை பார்க்கப் போகிறாவா? இல்லையே. ஒரு பக்கம் மட்டும் போகிற உதவிக்குப் பெயர் வேலை. வேலைக்குத்தான் கூலி. மீன்பிடிக் குடும்பத்துக்கு நாங்கள் காசு வாங்காமல் போவோம், அம்மா அப்படி எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறா. அதை முடிவெடுக்க வேண்டியது போகிற ஆள்.


லண்டனில் இரவு வேலை:

நான் பிறந்தது திருகோணமலை, பன்னிரண்டு வருடமாக லண்டனில் பராமரிப்பு வேலை. கிழமைக்கு இரண்டு இரவு ஒரு வீட்டில் படுத்து எழும்புகிற வேலை செய்கிறேன், இங்கே அதை 'ஸ்லீப் இன்' என்பார்கள். நீங்கள் கேட்கிற அதே கேள்விக்கு இங்கே வருடக்கணக்காக வழக்கு நடந்தது. 2021 மார்ச்சில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வேலைக்கு எழும்பின நேரத்துக்குத்தான் குறைந்தபட்சச் சம்பளம் கணக்கு, நித்திரை கொள்ள விட்ட நேரத்துக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு எங்களில் பலர் அழுதோம். படுத்திருந்தாலும் ஒரு கண் திறந்துதானே இருக்கும்.

2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்று 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கூப்பிட்டால் எழும்ப வேண்டி வீட்டிலேயே காத்திருக்கிற நேரமும், அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்கிற அளவுக்கு, வேலை நேரம் என்று அதில் இருக்கிறது. ஆகவே கணக்குத் தம்பி படுத்த நேரத்துக்கு 1,500 போட்டது எனக்குச் சரியாகப் படுகிறது. அதை விட்டுவிட்டு எழும்பின நேரத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

எங்களிடம் ஒரு கொப்பி இருக்கும். இரவில் எழும்பினால் எத்தனை மணிக்கு, எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்பப் படுத்தது என்று எழுத வேணும். உங்கள் அக்காவிடம் காசுக்காக எழுதச் சொல்லாதீர்கள், சங்கடப்படுவார். பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தாள் என்று எனக்குத் தெரிய வேணும், எழுதி வையுங்கள் என்று சொல்லுங்கள். திரும்பி வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும், இரண்டு தரமா ஐந்து தரமா என்று.

அப்புறம் மாமியின் விஷயம். நீங்கள் சொல்லாமலே மாமிக்குத் தேத்தண்ணி, மாமிக்குக் குளிசை, மாமியை ராத்திரியில் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அக்காவின் தலையில் வந்து நிற்கும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு ஆளைப் பார்க்கப் போய் இரண்டு ஆளைப் பார்த்துவிட்டு வருவேன். அதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்றால் முதலே சொல்லி, அதற்கும் ஒரு தொகை வையுங்கள்.


மூன்றாம் வார்டு:

தாதியாக இருக்கிறேன், டியூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன். காசைப் பற்றி எல்லாரும் வடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

புதன் இரவே அக்காவை ஒருக்கால் வந்து படுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே. பகலில் பழகின பிள்ளை இரவில் அம்மாவைத் தேடும், அது வேறு மாதிரி அழுகை. நீங்கள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு போகாமல் இருக்க வேணும், அதுதான் உங்களுக்குக் கஷ்டம். அந்த இரவுக்கும் காசு கொடுங்கள்.

காய்ச்சல் மருந்துப் போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, டொக்டர் சொன்ன அளவை எம்.எல். கணக்கில் பெரிதாக எழுதுங்கள். பரசிட்டமோல் பிள்ளையின் நிறைக்குத்தான், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒருதரம் கொடுத்தால் ஆறு மணித்தியாலம் போகாமல் அடுத்தது வேண்டாம். கரைத்த பால்மாவில் மிச்சம் இருந்தால் ஊற்றிவிடச் சொல்லுங்கள், ஒரு மணிக்குக் குடித்த போத்தலை நாலு மணிக்குத் திரும்ப எடுக்கக்கூடாது, எங்கள் வெக்கையில் கட்டாயம் கூடாது. அம்புலன்ஸுக்கு 1990, காசில்லை, வரும். அந்த இலக்கத்தை ஃபோனில் போட்டால் மட்டும் போதாது, சுவரில் எழுதி ஒட்டுங்கள், கீழே உங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதுங்கள். அவசரத்தில் சொந்த வீட்டு இலக்கமே மறந்து நிற்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.


உவர்மலை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு நானும் அவரும் இருந்து எல்லாப் பதிலையும் வாசித்தோம்.

சாம்பல்தீவு அக்கா கேட்ட கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. உண்மையாகவே நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டேன். பதினைந்து வயது மகள் ஒன்று, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம், அவளைத் தனியே விட ஏலாது என்று மாமன் வீட்டில் விடப் போகிறாராம், அங்கே வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று பாண், முட்டை, பால்மா பைக்கற் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நான் 2,000 என்று நினைத்துக்கொண்டிருந்த காசில் இதெல்லாம் போயிருக்கும். அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டுக்கே கூட்டி வாருங்கள், மூத்தவனின் அறையில் மேசையும் லைற்றும் இருக்கிறது என்றேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு சரி என்றார்.

தொகையை நானே சொன்னேன். மூன்று இரவு, புதனோடு சேர்த்து. புதன் நான் வீட்டில் இருப்பதால் 2,000, வியாழனும் வெள்ளியும் 3,500 படி, வெள்ளி பகல் கூடுதல் நேரத்துக்கு 1,000, எல்லாம் 10,000. ஓட்டோ வேறு. வீட்டுக்காரர் முதலே சொன்ன தொகைதான் கடைசியில் வந்து நின்றது, அப்பாவின் செலவுக்கு வைத்ததில் கை வைக்காமல் இந்த மாதம் சீட்டுக்காசைப் பிந்திக் கட்டலாம் என்று முடிவெடுத்தோம். மாமிக்கு இரவுக் குளிசையை வீட்டுக்காரர் வேலைக்குப் போகமுன் எடுத்து வைத்துவிட்டுப் போவார், தேத்தண்ணிக்குப் போத்தலில் சுடுதண்ணி. மாமியிடமும் சொல்லிவிட்டோம். கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றா.

தொகையைச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பாமலே, "அவ்வளவு வேண்டாம் டீச்சர்" என்றார். இது வேண்டாம் வேணும் என்கிற விஷயமில்லை அக்கா, இதுதான் கூலி என்றேன். கிண்ணியா நானா, நான் பட்டியலைக் காட்டவில்லை, மணிக்கணக்கும் சொல்லவில்லை. தொகையை மட்டும்தான் சொன்னேன்.


உவர்மலை அம்மா:

அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நேற்று விடிய வந்து சேர்ந்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

புதன் இரவு பெரிய அழுகை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நான் அறைக்குள் கட்டிலில் இருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. வியாழன் இரவு நாலு தரம் எழும்பியிருக்கிறாள், வெள்ளி ஒரே ஒரு தரம்தான். எல்லாம் கொப்பியில் இருக்கிறது. அக்காவின் மகள்தான் எழுதியிருக்கிறாள், அழகான எழுத்து: "1.10 பால் 4 அவுன்ஸ். 1.50 படுத்தாள். 2.35 அழுதாள், அம்மா வெளியில் கொண்டுபோய் நிலவு காட்டினா. 3.20 படுத்தாள்."

நாலு தரம் என்பதால் 500 கூட வைத்தேன். காசை வெறுமனே நீட்டாமல் கடித உறையில் வைத்து, எவ்வளவு இருக்கிறது என்று மேலே எழுதிக் கொடுத்தேன், வழியில் எண்ணத் தேவையில்லாமல். அக்கா பிரிக்கவில்லை. பைக்குள் தலையணை உறைக்கு நடுவில் வைத்தார். எனக்குச் சாம்பல்தீவு அக்காவின் அம்மா ஞாபகம்தான் வந்தது.

திங்கள் வர வேண்டாம், லீவு, சம்பளம் வெட்ட மாட்டேன் என்றேன். அன்றைக்கு நான் அரைநாள் லீவு போட்டிருக்கிறேன், மற்ற அரைநாளை வீட்டுக்காரர் பார்ப்பார். மாதச் சம்பளத்தை அடுத்த மாதத்திலிருந்து 21,000 ஆக்குகிறோம், 23,100 இப்போதைக்கு ஏலாது, தை மாதம் திரும்பக் கதைப்பதாக அக்காவிடமே சொல்லியிருக்கிறேன்.


சாம்பல்தீவு மகள்:

உறையின் மேல் எழுதிக் கொடுத்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் தங்கச்சி. அந்த மகள் எந்தப் பாடத்தில் பின்னுக்கு நிற்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் கணக்குக் கொப்பிகள் இருக்கின்றன, சனிக்கிழமை டவுனுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.